பணக்கார வியாதி வீடு மாறியது

1990களின் பின்பாதியில் நீரிழிவு மருத்துவர் வி. மோகனின் ஆய்வுக் குழு சென்னையில் இரண்டு குடியிருப்புகளுக்குப் போனது. ஒன்று, திருமங்கலத்தில் உள்ள ஏசியாட் காலனி. நடுத்தர வருமானக் குடும்பங்கள் வசிக்கும் இடம். மற்றொன்று, நகரின் இன்னொரு பகுதியில் குறைந்த வருமானக் குடும்பங்கள் வாழும் குடியிருப்பு. 20 வயதும் அதற்கு மேலும் உள்ள 1,399 பேரை அழைத்தார்கள். 1,262 பேர் வந்து ரத்தம் கொடுத்தார்கள்.

நடுத்தரக் குடியிருப்பில் நூற்றுக்கு 12.4 பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. மற்றதில் 6.5 பேருக்கு. இதில் யாரும் ஆச்சரியப்படவில்லை. சர்க்கரைக்கு அப்போது பணக்கார வியாதி என்றே பெயர். உட்கார்ந்த இடத்தில் சம்பளம் வாங்குகிறவருக்கு வரும், உடம்பு வணங்கி உழைக்கிறவரை அண்டாது என்பது ஊர் நம்பிக்கை. முதல் கணக்கெடுப்பு அந்த நம்பிக்கையை ஆமோதித்தது.

பத்து ஆண்டுகள் கழித்து அதே இரண்டு குடியிருப்புகளில் மீண்டும் பரிசோதித்தார்கள். நடுத்தரக் குடியிருப்பில் 12.4 என்பது 15.4 ஆகியிருந்தது. குறைந்த வருமானக் குடியிருப்பில் 6.5 என்பது 15.3 ஆகியிருந்தது. அங்கே ஏறக்குறைய கால் பங்கு உயர்வு. இங்கே இரண்டு மடங்கைத் தாண்டிய உயர்வு. இரு குடியிருப்புகளுக்கு நடுவே நோயில் இருந்த தூரம் மறைந்துவிட்டது.

பத்து ஆண்டுகளில் எந்தக் குடும்பத்தின் மரபணுவும் மாறிவிடாது. ஒரு குடியிருப்பே கூடிப் பேசிச் சோம்பேறியாவதும் இல்லை. அப்படியானால் மாறியது அந்த மனிதர்களைச் சுற்றியிருந்த ஏதோ ஒன்று. அது என்னவென்று தேடுவதுதான் இந்த அத்தியாயம்.

சென்னையில் கண்டது விதிவிலக்கு அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு 15 மாநிலங்களில் 57,117 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2017இல் வெளிவந்தன. கிராமங்களில் பழைய கணக்கே நீடித்தது. வசதி உள்ளவர்களிடம்தான் நோய் அதிகம். ஆனால் சண்டிகர், மகாராஷ்டிரம், தமிழ்நாடு ஆகிய வளர்ந்த பகுதிகளின் நகரங்களில் தராசு மறுபக்கம் சாய்ந்திருந்தது. வசதி குறைந்தவர்களிடமே சர்க்கரை நோய் கூடுதலாக இருந்தது. முழு நாட்டுக்குமான கணக்கு 2023இல் வந்தபோது இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி என்று தெரிந்தது. வயது வந்தவர்களில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் உயர் ரத்த அழுத்தம். இத்தனை கோடிப் பேரின் ஒழுக்கக் குறைவு என்று இதை யாராவது சொன்னால், அவர் கணக்கையே பார்க்கவில்லை என்றுதான் நான் நினைப்பேன்.

இதே மாதிரியான ஒரு நம்பிக்கை, அரை நூற்றாண்டுக்கு முன் பிரிட்டனிலும் உடைந்தது. மாரடைப்பு என்பது பெரிய பொறுப்பில் இருப்பவருக்கு வருவது, முடிவெடுக்கும் மேலதிகாரியின் நெஞ்சைத்தான் அது பிடிக்கும் என்று அங்கே நம்பினார்கள். 1967இல் லண்டனின் ஒயிட்ஹால் பகுதியில், அரசு அலுவலகங்களில் வேலை பார்த்த சுமார் 18,000 ஆண்களை ஆய்வில் சேர்த்தார்கள். கடைநிலையில் கோப்பு சுமக்கும் ஊழியர், வாயில் காவலர். உச்சியில் துறையையே நடத்தும் நிர்வாக அதிகாரிகள். நடுவே எழுத்தர்களும் தொழில்முறை அலுவலர்களும். ஆண்டுக்கணக்கில் அவர்களைப் பின்தொடர்ந்தார்கள்.

மைக்கேல் மார்மட் முதலானோர் 1978இல் வெளியிட்ட முடிவு, நம்பிக்கையைத் தலைகீழாக்கியது. உச்சியில் இருந்தவர்களைவிடக் கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறப்பது மூன்று மடங்குக்கும் மேல். என்னை அதிகம் யோசிக்க வைப்பது இந்த மூன்று மடங்கு அல்ல, அதன் நடுவே உள்ள படிகள். உச்சிக்கு அடுத்த நிலையில் இருந்தவர், நல்ல சம்பளமும் நல்ல வீடும் உள்ளவர், அவரும் உச்சியில் இருந்தவரைவிடக் கூடுதலாக இறந்தார். அதற்கடுத்தவர் இன்னும் கூடுதலாக. ஓர் இடத்தில்கூடக் கோடு போட்டு, இதற்குக் கீழே இருப்பவர் ஏழை, மேலே இருப்பவர் தப்பித்தவர் என்று பிரிக்க முடியவில்லை.

இவர்கள் யாரும் பட்டினி கிடந்தவர்கள் அல்ல. எல்லோருக்கும் நிரந்தர வேலை, ஓய்வூதியம். 1948 முதல் பிரிட்டனில் மருத்துவமும் இலவசம். கடைநிலையில் புகைப்பவர்கள் அதிகம் என்பது உண்மை. ஆனால் புகை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், எடை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் வித்தியாசத்தில் பாதிக்கு மேல் விளக்கமில்லாமல் எஞ்சியது.

1985இல் தொடங்கிய இரண்டாவது ஒயிட்ஹால் ஆய்வு அந்த எஞ்சிய பகுதியைத் தேடிப் போனது. இம்முறை பெண்களும் உண்டு. மொத்தம் 10,308 பேர். கேள்விகள் வேறு மாதிரி இருந்தன. உங்கள் வேலையை எந்த வரிசையில் செய்வது என்று நீங்கள் முடிவு செய்ய முடியுமா? எப்போது சற்று ஓய்வெடுக்கலாம் என்பது உங்கள் கையில் இருக்கிறதா? இப்படிப்பட்ட கேள்விகளுக்கு ‘இல்லை’ என்று சொன்னவர்களுக்குப் பின்னாளில் இதய நோய் கூடுதலாக வந்தது. மேலதிகாரிக்கு வேலைப் பளு அதிகம்தான். ஆனால் அவர் நினைத்தால் கதவைச் சாத்திவிட்டுப் பத்து நிமிடம் கண்ணை மூடலாம். கீழே இருப்பவருக்குப் பளுவும் உண்டு, கதவும் இல்லை. தன் நாள் தன் கையில் இல்லாமல் இருப்பதும் நெஞ்சைத் தின்னும் என்பதற்கு ஒரு பெரிய சாட்சி அது.

வெளியே நடக்கும் அவமானமும் அலைச்சலும் உடம்புக்குள் எப்படிப் போகின்றன? இதற்கு உடலியலில் நல்ல விடை இருக்கிறது.

ஆபத்து என்று மூளை உணர்ந்தால், சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி கார்டிசால் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. கார்டிசால் கல்லீரலைத் தட்டி எழுப்பிச் சர்க்கரையை உற்பத்தி செய்யச் சொல்கிறது. அதே நேரத்தில் இன்சுலினின் வேலையைத் தடுக்கிறது. ஓடவோ எதிர்க்கவோ தசைக்கு எரிபொருள் வேண்டும் அல்லவா? நாய் துரத்தினால் இது நம்மைக் காப்பாற்றும் ஏற்பாடு. ஓடி முடித்ததும் கார்டிசால் இறங்கிவிடும். ஆனால் வட்டிக்காரர் வரும் தேதி ஓடி முடிக்கக்கூடிய ஆபத்து இல்லை. நாளை வேலை உண்டா என்று தெரியாத தினக்கூலி வாழ்க்கையும் அப்படித்தான். அங்கே சுரப்பி அடங்குவதில்லை. ரத்தத்தில் சர்க்கரை தேவையில்லாமல் நிற்கிறது, கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேர்கிறது, ரத்த அழுத்தம் ஏறிய இடத்திலேயே நிற்கப் பழகுகிறது. இப்படி ஆண்டுக்கணக்கில் உடம்பு சுமக்கும் தேய்மானத்தை அளந்து எழுதியவர் அமெரிக்க நரம்பியலாளர் புரூஸ் மெக்கியுவன்.

தூக்கமும் இதில் சேரும். 1999இல் சிகாகோ ஆய்வாளர்கள் ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு இரவுகள், இரவுக்கு நான்கு மணி நேரம் மட்டும் படுக்கையில் இருக்க வைத்தார்கள். அவ்வளவுதான் செய்தார்கள். அதற்குள் அவர்களுடைய உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் கண்கூடாகக் குறைந்துவிட்டது. ஆறு இரவுக்கே இப்படி என்றால், நள்ளிரவில் வரும் தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு விழித்திருக்கும் பெண்ணையும், தகரக் கூரைக்குக் கீழே மே மாத இரவில் புரளும் குடும்பத்தையும், இரவுக் காவல் முடிந்து பகலில் சந்தைச் சத்தத்துக்கு நடுவே படுக்கும் வாட்ச்மேனையும் நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கு ஆறு இரவு என்று ஒரு கணக்கு கிடையாது.

பணக் கவலை யோசிக்கும் திறனைக்கூடப் பங்கு போட்டுக்கொள்கிறது. இதற்கான சான்று நம் ஊரிலிருந்தே கிடைத்தது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. கரும்பு வெட்டிப் பணம் கைக்கு வருவதற்கு முன்பும், வந்த பின்பும், அதே விவசாயிக்கு அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள். பணம் வந்த பின்பு அவர் கூடுதல் மதிப்பெண் எடுத்தார். ஆள் ஒருவர்தான், மூளை ஒன்றுதான். கடனும் அடகும் கவலையும் இருந்த மாதங்களில் அதில் ஒரு பகுதி வேறு கணக்கில் மூழ்கியிருந்தது. மாத்திரையை நேரத்துக்குப் போடவில்லை என்று நோயாளியைக் கடிந்துகொள்வதற்கு முன் இந்த 464 பேரை நினைத்துக்கொள்வது நல்லது.

இப்போது சாப்பாட்டுக்கு வருவோம். ரேஷன் அரிசியைக் குறை சொல்லப் பலருக்குக் கை துறுதுறுக்கும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அட்டை வைத்திருக்கும் எல்லோருக்கும் பொருள் என்று தமிழ்நாடு பிடிவாதமாக நடத்திய பொது விநியோகம், பசியை விரட்டிய ஏற்பாடு. கஞ்சிக்கு வழியில்லாத காலத்தை மறந்தவர்கள்தான் அதை எளிதாகப் பழிப்பார்கள். ஆனால் அந்தக் கடையில் மலிவாகவோ இலவசமாகவோ கிடைப்பது என்ன என்று பார்க்க வேண்டும்: தீட்டிய வெள்ளை அரிசி, சர்க்கரை, பாமாயில், கொஞ்சம் துவரம் பருப்பு. காய்கறியும் பழமும் மீனும் முட்டையும் சந்தை விலைக்கு. வருமானம் குறையக் குறையத் தட்டில் சோறு ஏறுவதும், மற்றவை சுருங்குவதும் இதனால்தான். முன்பு அதே சோற்றைச் சாப்பிட்டவர் நாள் முழுக்க நாற்று நட்டார், மூட்டை தூக்கினார். இன்று அவர் பிள்ளை ஏ.டி.எம். வாசலில் பன்னிரண்டு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்கிறார். கூலி பெரிதாக மாறவில்லை, தட்டு மாறவில்லை, உடம்பு செலவழிக்கும் சக்தி மட்டும் பாதாளத்துக்குப் போய்விட்டது. அந்த இரண்டாவது குடியிருப்பில் பத்தாண்டுகளில் நடந்ததில் ஒரு பெரும் பங்கு இதுதான் என்பது என் கணிப்பு. 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். திசை சரியானது, அளவு மிகச் சிறியது.

நோய் வந்த பிறகு என்ன ஆகிறது? சென்னையின் ஏ. ராமச்சந்திரன் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோய்க்காக நகர்ப்புற ஏழைக் குடும்பம் தன் வருமானத்தில் 34 விழுக்காட்டைச் செலவழித்தது. கிராமப்புற ஏழைக் குடும்பம் 27 விழுக்காட்டை. மூன்றில் ஒரு பங்கு சம்பளம் மருந்துக்கும் பரிசோதனைக்கும் போனால் மீதியில் என்ன வாங்குவார்கள்? இன்னும் கொஞ்சம் சோறும் இன்னும் குறைவான காய்கறியும்தான். வறுமை நோயைக் கொடுக்கிறது, நோய் வறுமையைக் கொடுக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஒரே வீட்டுக்குள் சுற்றுகின்றன.

அரசு மருத்துவமனை புறநோயாளிப் பிரிவில் அன்றாடம் காதில் விழும் அறிவுரை ஒன்று உண்டு. “அம்மா, சோத்தக் கொறைங்க. தினமும் அரை மணி நேரம் வாக்கிங் போங்க.” சொல்லும் மருத்துவர் நல்லவர்தான், வெளியே நூறு பேர் காத்திருக்க, அவருக்குக் கிடைத்திருப்பதே இரண்டு நிமிடம். கேட்கும் அம்மா நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவராக இருக்கலாம். விடியற்காலை எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, பஸ் பிடித்து, வேலை முடிந்து இருட்டிய பிறகு திரும்புகிறவர் எங்கே, எப்போது நடப்பார்? அவர் தெருவில் நடைபாதை இல்லை, விளக்கு இல்லை. இருட்டில் தனியாகப் பெண் நடந்தால் ஊர் என்ன சொல்லும் என்ற அச்சமும் உண்டு.

ஏசியாட் காலனியில் இதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? முதல் ஆய்வின் முடிவுகளைக் கேட்டுக் கலங்கிய குடியிருப்பாளர்கள், தங்கள் சொந்தப் பணத்தைப் போட்டு ஒரு பூங்கா அமைத்துக்கொண்டார்கள். வாரத்தில் மூன்று நாளாவது உடற்பயிற்சி செய்கிறவர்கள் ஆரம்பத்தில் நூற்றுக்கு 14.2 பேர், ஏழு ஆண்டுகளில் 58.7 பேர். அருமையான முன்மாதிரி, மனதாரப் பாராட்ட வேண்டியது. அந்தப் பூங்காவைக் கட்ட என்னென்ன தேவைப்பட்டன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: நிலம், நன்கொடை கொடுக்கும் அளவுக்குக் கையில் மிச்சம், சங்கம் கூட்டிப் பேச மாலை நேரம், கட்டிய பின் அதில் நடக்கக் காலை நேரம். இரண்டாவது குடியிருப்பில் அறிவுரைக்குக் குறைவு இல்லாவிட்டாலும், இந்த நான்கும் எங்கிருந்து வரும்? 24 விழுக்காடு உயர்வுக்கும் 135 விழுக்காடு உயர்வுக்கும் நடுவே நிற்கும் எல்லாக் காரணங்களையும் ஒரு பூங்காவின் மேல் ஏற்றிவிட முடியாது. ஆனாலும் ஆரோக்கியத்துக்கு இடமும் நேரமும் வேண்டும் என்பதையும், அவை இரண்டும் காசு கொடுத்து வாங்குபவை என்பதையும் அந்தப் பூங்கா எனக்குச் சொல்கிறது.

பதினேழாம் நூற்றாண்டு இத்தாலியில் பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்றொரு மருத்துவர் இருந்தார். தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி 1700இல் ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு இன்னொன்றையும் கேளுங்கள் என்று அதில் மருத்துவர்களுக்குச் சொன்னார்: நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்? முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும், அந்தக் கேள்வி கேட்கப்படும் இடங்களில்கூட விடை ஒரு மூலையில் எழுதப்பட்டு மறக்கப்படுகிறது.

கேட்டு, விடையைப் பின்தொடர்ந்தால் சட்டமே மாறலாம். துணிக்கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றே வேலை பார்க்கும் பெண்களை எண்ணிப் பாருங்கள். கால் நரம்பு புடைக்கும், இடுப்பு வலிக்கும். கழிப்பறைக்குப் போக நேரம் கிடைக்காது என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள், அதனால் சிறுநீர்த் தொற்று. வாடிக்கையாளரே இல்லாத வேளையிலும் உட்காரக் கூடாது. ஒயிட்ஹாலில் அளந்த அதே பொருள்தான் இங்கேயும்: தன் உடம்பின் மேல் தனக்கு உரிமை இல்லாமை. தமிழ்நாடு 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. கேரளம் 2018இலேயே செய்தது. ஒரு ஸ்டூலைப் பற்றிய இந்தச் சட்டத்தை நான் பொதுச் சுகாதாரச் சட்டமாகவே பார்க்கிறேன்.

அதே 2021, ஆகஸ்ட் 5இல் மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழ்நாடு அரசுத் திட்டம் தொடங்கியது. சுகாதாரத் தன்னார்வலர்களான பெண்கள் வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். நோயாளிகளுக்கு மாத்திரையை வாசலிலேயே கொடுக்கிறார்கள். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க முடியாதவருக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதைக் கூலிக்குப் போகிறவர்தான் சொல்ல முடியும். 34 விழுக்காட்டைத் தின்ற செலவில் ஒரு பகுதியை இது நேரடியாகத் தொடுகிறது. நோயை வரவிடாமல் தடுப்பது வேறு வேலை. அதை இந்தப் பெண்களின் தோளில் மட்டும் ஏற்ற முடியாது. அந்த வேலை இன்னும் முன்னே, மிக மிக முன்னே தொடங்குகிறது.

எவ்வளவு முன்னே என்பதை இங்கிலாந்தின் டேவிட் பார்க்கர் ஒரு வரைபடத்தில் கண்டார். 1920களில் எந்தெந்த மாவட்டங்களில் கைக்குழந்தைகள் அதிகம் இறந்தார்களோ, ஏறத்தாழ அதே மாவட்டங்களில் 1970களில் நடுவயதுக்காரர்கள் இதய நோயால் அதிகம் இறந்துகொண்டிருந்தார்கள். ஏழ்மையில் பிறந்து பிழைத்தவர்களின் உடம்பில் ஏதோ ஒன்று தங்கிவிட்டிருந்தது. ஹர்ட்ஃபோர்ட்ஷர் மாவட்டத்தில் 1911 முதல் பிறப்பு எடையை மருத்துவச்சிகள் ஒழுங்காகப் பதிவு செய்திருந்தார்கள். அந்தப் பழைய பேரேடுகளைத் தேடிப் பிடித்து ஒப்பிட்டபோது, எடை குறைவாகப் பிறந்தவர்களே பிற்காலத்தில் இதய நோயால் கூடுதலாக இறந்தது தெரிந்தது. கருவில் போதிய உணவு கிடைக்காத சிசு மூளையைக் காப்பாற்றிக்கொள்ளக் கணையத்திலும் தசையிலும் சிக்கனம் பிடிக்கிறது. பின்னால் சோறு தாராளமாகக் கிடைக்கும்போது, சிக்கனமாகக் கட்டிய கணையத்தால் ஈடுகொடுக்க முடிவதில்லை.

புனேயில் சி.எஸ். யாஜ்னிக் இதை இந்தியக் குழந்தைகளிடம் அளந்தார். அங்குள்ள கிராமங்களில் பிறந்த குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. நம் குழந்தை எல்லாவற்றிலும் சிறியது, தோலுக்கடியில் உள்ள கொழுப்பில் மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. ஒல்லியாகத் தெரியும், உள்ளே கொழுப்பு விகிதம் கூடுதல். யாஜ்னிக் தன்னையும் தன் ஆங்கிலேய நண்பர் ஜான் யுட்கினையும் ஒப்பிட்டு 2004இல் வெளியிட்ட படம் புகழ்பெற்றது. இருவருக்கும் உடல் நிறை குறியீடு 22.3. உடம்பில் கொழுப்பு, யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2.

ஆகவே ஓர் ஆணுக்கு 45 வயதில் வரும் சர்க்கரையின் கதை, அவன் தாய் கர்ப்பமாக இருந்தபோது கடைசிப் பந்தியில் மிச்சம் மீதியைச் சாப்பிட்டதிலும் இருக்கிறது. அவள் எட்டு மாதம் வரை செங்கல் சுமந்ததிலும் இருக்கிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை, 40.4 விழுக்காட்டினருக்கு எடை அதிகம். ஒரே மாநிலத்தில், பல நேரம் ஒரே பெண்ணின் உடம்பில், வயிறு நிறைவதும் சத்து கிடைக்காததும் சேர்ந்து நடக்கின்றன. அடுத்த தலைமுறை இந்த உடம்புகளிலிருந்துதான் பிறக்கப் போகிறது.

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தைத் தாய்-சேய் நலக் கணக்கில் மட்டும் எழுதுகிறார்கள். 18,000 ரூபாய் மதிப்புள்ள அந்த உதவியில் பெரும் பங்கு ரொக்கம். கர்ப்பிணி கூலிக்குப் போகாமல் சில வாரம் வீட்டில் இருக்கவும், முட்டையும் பாலும் வாங்கவும் உதவும் பணம் அது. குழந்தை பிறந்து பல மாதங்கள் கழித்துக் கைக்கு வந்தால், கருவில் இருந்த சிசுவுக்கு அதனால் பயனில்லை. பார்க்கர், யாஜ்னிக் இருவரின் தரவையும் படித்த பிறகு, அந்தத் தவணை உரிய மாதத்தில் வருகிறதா என்பதை மாநிலத்தின் சர்க்கரை நோய்க் கணக்கிலும் எழுத வேண்டும் என்று கேட்கிறேன். இன்று ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 2.3 கிலோவில் பிறக்கும் பெண் குழந்தை 45 வயதைத் தொடும்போது, மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் அவள் வாசலில் நிற்பாரா மாட்டாரா என்பதில் ஒரு பகுதி இந்த ஆண்டிலேயே தீர்மானமாகிறது.